ஒரு பிடி சோறு வயிற்றில் தங்க வேண்டும் என்று கேட்டேன்

புகழெல்லாம் என்னைப் படைத்த அல்லாஹ்வுக்கே. அவன் தந்த வாயால் அவனிடமே சண்டை பிடித்தவள் நான். அதே வாயால்தான் இந்த அனுபவத்தையும் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொறுமைசாலி இல்லை. நோய் வந்தபோது முகம் சுளிக்காமல் ஸப்று செய்த சகோதரிகளின் அனுபவங்களை நானும் நிறைய வாசித்திருக்கிறேன். படுக்கையில் கிடந்து வாசிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவர்களில் ஒருத்திக்குக் கூடவா வாந்தி, சத்தி வரவில்லை? ஒருத்தி கூடவா பேசினைத் தூக்கி எறியவில்லை? நான் எறிந்தேன். நல்ல வேளை, அது வெறும் பேசின்.

என் பெயர் நஸீமா. சாய்ந்தமருதில் வீட்டிலிருந்து உடுப்புத் தைக்கிறேன். என் கணவர் கல்முனைச் சந்தையில் மீன் வியாபாரம் செய்கிறார். போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு என் மார்பில் கட்டி இருப்பது தெரியவந்தது. ஒப்பரேஷன் செய்தார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். பிறகு, மிச்சம் மீதி எங்கும் ஒளிந்திருக்கக் கூடாது என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கீமோ மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. முடி கொட்டும் என்றார்கள், கொட்டியது. அதற்கு நான் அழவில்லை, முக்காடு இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தி! அதற்கு என்ன முக்காடு போடுவது?

முதல் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். தண்ணீர் குடித்தால் சத்தி. பிளேன்டீ குடித்தால் சத்தி. ஒன்றும் குடிக்காவிட்டால் வெறும் ஓங்காளம், குடலே வாய்க்கு வருவது போல. பத்தொன்பது வயதில் கல்யாணம் முடித்த நாளிலிருந்து மீன் மணத்தோடு வாழ்ந்தவள் நான். அந்த மணம் எனக்கு மணமாகவே பட்டதில்லை. இப்போது என் கணவர் படலையைத் திறக்கும்போதே வயிறு பிரட்டியது. அவர் பாவம், கிணற்றடியில் நின்று சவர்க்காரம் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். அதோடு விட்டாரா? மீன் மணம் போகட்டும் என்று அதற்கு மேல் அத்தரைப் பூசிக்கொண்டு வருவார். சுறாவுக்கு மல்லிகைப்பூச் சூடினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். நான் பேசினைத் தேடுவேன். அவர் வாசலில் நின்று, "நான் இப்ப என்ன செய்யுற?" என்று கேட்பார். எனக்கும் தெரியாது.

எனக்கு உதவியாக வந்து தங்கியவர் என் கணவரின் மூத்த சகோதரி, ஆயிஷா மச்சி. விதவை. அல்லாஹ் அவருக்கு ஆயுளைத் தரட்டும். இரண்டு கைகளாலும் என்னைத் தாங்கியவர் அவர்தான். என் கோபத்தை முக்கால்வாசி கிளப்பியவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் சத்திக்கென்று விழுங்கும் குளிசைகள் தந்திருந்தார்கள். எப்போது போட வேண்டும் என்று தாதி மிஸ்ஸி சொல்லியும் விட்டார். மச்சி அந்தக் குளிசை அட்டையைத் தலையணை உறைக்குள் வைத்தார். "சத்தி வர முன்னமே அதுக்குக் குளிசை போடுறது, வா வா எண்டு அதக் கூப்பிடுற மாதிரிகா. அல்லாஹ்வுல தவக்குல் வை, அவன நம்பு. இந்தா, ஓதின தண்ணி, பிஸ்மி சொல்லிக் குடி. சத்தி வந்தா மறுகா குளிசையப் பாப்பம்."

ஓதின தண்ணீர் ஒரு போத்தல் அல்ல. ஊரில் ஓதத் தெரிந்தவர் எல்லாரும் குர்ஆன் வசனம் ஓதி ஊதி அனுப்பிய போத்தல்கள் ஜன்னலோரம் வரிசையாக நின்றன. வெறும் வயிற்றில், இளஞ்சூடாக, ஒரு மிடறும் விடாமல் குடிக்க வேண்டும். குடிப்பேன். சற்று நேரத்தில் அப்படியே திரும்பி வரும். அதற்குப் பிறகு குளிசையைத் தருவார். குளிசையும் திரும்பி வரும். இதில் இன்னொரு கூத்து. ஓதின தண்ணீர் கலந்திருப்பதால் அந்தப் பேசினை வடிகானுக்குள் ஊற்ற மச்சி விடமாட்டார். மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரத் தென்னம்பிள்ளைக்கு ஊற்றுவார். நான் நாளுக்கு நாள் மெலிந்தேன். தென்னம்பிள்ளை செழித்து வளர்ந்தது.

இனி விசாரிக்க வருகிறவர்கள். நம் ஊரில் நோயாளியைத் தனியே விடுவது பாவம் மாதிரி. பின்னேரம் அஸர் தொழுததும் வரத் தொடங்குவார்கள். வெறுங்கையோடு வரமாட்டார்கள். கோழிச் சூப், புரியாணி, பொரித்த இறால், வட்டிலப்பம். எல்லாம் என்மேல் உள்ள பாசத்தில் சமைத்தவை, நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டிலிலேயே உட்கார்ந்து, என் மூக்குக்கு நேரே மூடியைத் திறந்து, "ஒரு வாய் தின்னுகா, எனக்காகத் தின்னுகா" என்றால் நான் என்ன செய்வேன்? ஒருத்தி பப்பாசி இலைச் சாறு குடிக்கச் சொல்வாள். அடுத்தவள் அதைக் குடிக்கவே கூடாது என்பாள். மூன்றாமவள் இதே நோயில் மௌத்தான தன் சாச்சியின் கடைசி நாட்களை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, "நீ ஒண்டுக்கும் பயப்படாத" என்று எழும்புவாள். அவர்கள் போன பிறகு நான் சத்தி எடுப்பேன். சில வேளை அவர்கள் போகும் வரை கூடப் பொறுக்க முடியாது.

மிஸ்ஸி குளிரான சாப்பாடு பரவாயில்லை, மணம் குறைவு என்று சொல்லியிருந்தார். எனக்கும் சட்டித் தயிர் மேலும் வத்தகப்பழத்தின் மேலும்தான் ஆசை. மச்சி பிறிட்ஜுக்கு முன்னால் காவல் நின்றார். "குளிர் கூடாது. சளி பிடிச்சிடும்." சளி பிடித்தால் பிடிக்கட்டுமே! எனக்குப் பிடித்திருப்பது புற்றுநோய் அல்லவா?

மூன்றாவது தடவைக்குப் போகும்போது விஷயம் முற்றிவிட்டது. மட்டக்களப்புக்குள் நுழைகிற கல்லடிப் பாலத்தில் வேன் ஏறியதுமே சத்தி வந்தது. இன்னும் மருந்து ஏற்றவில்லை, ஊசி குத்தவில்லை, பாலத்தைத்தான் கண்டேன். ஆஸ்பத்திரியில் என் நிறையைப் பார்த்த டொக்டர் முகத்தைச் சுருக்கினார். இரத்தப் பரிசோதனையும் சரியில்லை. உடம்பில் நீர் வற்றிப்போய் இருக்கிறது, இப்படியே மருந்து ஏற்ற முடியாது, தள்ளிப் போடுவோம் என்றார். சேலைன் ஏற்றி அனுப்பினார்கள். தள்ளிப் போடுவது நல்லதல்ல என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் சொன்னேன். "நான் இனிப் போகமாட்டன். ஆரும் என்னக் கூப்பிடவும் கூடாது."

என் கணவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தால் எனக்குப் பிரட்டும் என்று பயம். "போகாட்டி என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே, நஸீமா," என்றார்.

"தெரியும். இதுக்கு அது பரவாயில்ல."

அவர் கிணற்றடிப் பக்கம் போனார். வாளித் தண்ணீரை ஊற்றுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அவர் அப்போது குளிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று அந்திக்கு மஃரிபைக் கதிரையில் உட்கார்ந்து தொழுதேன். உடுப்பு மாற்றி, வாய் கொப்பளித்து, மறுபடி உடுப்பு மாற்றித் தொழுதேன். கையேந்தியபோது அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. என் வாயில் வந்தது இதுதான்: "என்ட றப்பே, இந்தக் கட்டி வருத்தத்தப் பத்தி நான் இப்ப கேக்கல்ல. ஒரு பிடி சோறு வயித்துல தங்கணும். அவ்வளவுதான். ஒரு பிடி சோறு உனக்குப் பெரிய காரியமா? இந்த அறையக் கொஞ்சம் காலியாக்கித் தா. என்னால ஏலாது." துஆவில் இப்படிக் கோபித்துக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டேன். அழுதேன். அழுததிலும் ஓங்காளம் வந்தது.

அடுத்த நாள் வியாழன். அஸருக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசல் மௌலவி என்னைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. என் தம்பியின் வயதுதான் அவருக்கு. நல்ல மனிதர். மச்சிக்குத் தலைகால் புரியவில்லை. வீடெங்கும் சாம்பிராணிப் புகை போட்டார். எனக்கு ஒரு போர்வை, முக்காடு, ஜன்னலோரம் புதிதாக ஒரு போத்தல் தண்ணீர். மௌலவி வெள்ளை வெளேரென்ற ஜுப்பாவில் வந்தார். அவர் வருமுன்பே அவருடைய அத்தர் வந்துவிட்டது. சாம்பிராணியும் அத்தரும் என் கட்டிலுக்கு மேலே சந்தித்தன. அவர் சலாம் சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டு, தண்ணீரில் ஓதி ஊதுவதற்காகக் குனிந்தார்.

நான் அடக்கிப் பார்த்தேன். அல்லாஹ் சாட்சி, பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. காலையிலிருந்து குடித்த அத்தனை ஓதின தண்ணீரும் அந்த வெள்ளை ஜுப்பாவில் போய் விழுந்தது.

"அல்லாஹ்வே, மௌலவிட உடுப்பு!" மச்சி தலையில் கையை வைத்தார். வாசலில் நின்ற என் கணவர் உள்ளே ஓடி வரவும் முடியாமல், வெளியே போகவும் முடியாமல் தவித்தார்.

மௌலவி எழும்பவில்லை. ஒரு துவாய் கேட்டு வாங்கித் துடைத்தார். பிறகு என்னிடம், "ராத்தா, இது என்னத்தால வந்த?" என்று கேட்டார்.

யாரும் என்னிடம் அதுவரை கேட்காத கேள்வி அது. என்னத்தைத் தின்னலாம், என்னத்தைக் குடிக்கலாம் என்று ஊரே சொன்னது. எதனால் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெட்கம் போய்விட்டது எனக்கு. உடைத்துக்கொண்டு பேசினேன். "உங்கட அத்தரால வந்த, மௌலவி. இந்தப் புகையால வந்த. புரியாணியால, இறாலால, கட்டில்ல வந்து இரிக்கிற சனத்தால வந்த. வெறும் வயித்துல தண்ணியக் குடி குடி எண்டு குடுக்கிறதால வந்த. எல்லாரும் என்னில பாசம்தான். பாசத்தாலேயே என்னச் சாகடிக்கிறீங்க!"

மச்சி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.  நான் மூச்சு வாங்கியதும் மௌலவி, "டொக்டர்மார் இதுக்கு மருந்து ஒண்டும் தரல்லியா?" என்றார்.

"தந்தாங்க."

"போட்டீங்களா?"

நான் மச்சியைப் பார்த்தேன். மச்சி முந்தானைக்குள் இருந்தபடியே, "தவக்குல் வைக்கணும் எண்டுதான், மௌலவி... வந்த பொறகு பாப்பம் எண்டு..." என்று இழுத்தார்.

மௌலவி மெல்லச் சிரித்தார். "நீங்க அல்லாஹ்க்கிட்ட ஷிபா, சுகம் கேட்டீங்க. அந்தக் குளிசைய இந்த வீட்டுக்கு அனுப்பினது ஆர் எண்டு நினைச்சீங்க? நீங்க ஓதுறத விட வேணாம். குளிசைய நேரத்துக்குக் குடுங்க. ரெண்டும் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்காது."

எழும்பும்போது சாம்பிராணிச் சட்டியைத் தன் கையாலேயே வெளியே எடுத்துப்போய் வைத்தார். ஈர ஜுப்பாவோடு, என் கணவரின் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வெள்ளி, ஜும்ஆ. ஒலிபெருக்கியில் வரும் பேச்சை நான் படுக்கையிலிருந்தே கேட்டேன். என் பெயரை அவர் சொல்லவில்லை. "நேற்று நான் நன்மை தேடி ஒரு நோயாளியைப் பார்க்கப் போனேன். அத்தர் பூசிக்கொண்டு போய் அவருக்கு வேதனையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்," என்று தொடங்கினார். வாசனை பூசிக்கொண்டு போகாதீர்கள், கேட்காமல் சாப்பாடு கொண்டுபோகாதீர்கள், வாசலில் நின்று சலாம் சொல்லி, துஆச் செய்துவிட்டுத் திரும்புங்கள், நோயாளியைச் சுருக்கமாகப் பார்ப்பதும் மார்க்கம்தான் என்றார். பெயர் சொல்லாவிட்டால் என்ன? ஜுப்பாக் கதை அதற்குள் ஊரெல்லாம் தெரிந்திருந்தது. பக்கத்து வளவில் ஒருத்தி, "அப்பிடியெண்டா நாங்க இனி வரமாட்டம்" என்று கோபித்துக்கொண்டாளாம். நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அறை காலியானது. நான் கேட்டது அதைத்தானே?

அடுத்த கிளினிக்குக்கு நான் போனேன். போகமாட்டேன் என்றவள்தான், ஒரு தடவை பார்ப்போம் என்று போனேன். மச்சியும் வந்தார். மிஸ்ஸியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பேனையை மேசையில் போட்டார். "எத்தின தரம் சொன்னனான் அம்மா? சத்தி வந்தாப் பிறகு போட்டா குளிசையும் சேர்ந்து வெளியால வரும். வராமல் இருக்கத்தான் முதலே போடுறது. சுகமா இருக்குது எண்டாலும் சொன்ன நாள் மட்டும் போடோணும். அதுக்கும் நிக்காட்டி எங்களுக்குச் சொல்லுங்கோ, வேற மருந்து இருக்குது. பேசாமல் வீட்டில கிடக்கிறதோ?" திட்டித் திட்டியே எல்லாவற்றையும் விளக்கினார். தண்ணீர் கூடத் தங்காத நாளில் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். டொக்டர் குளிசையை மாற்றி, கூட ஒன்றும் சேர்த்தார். பாலத்தைக் கண்டதும் வருகிற சத்தியைச் சொல்லவே எனக்கு வெட்கம். அது பலருக்கும் வருவதுதான், மனம் நினைவில் வைத்திருக்கிறது என்று சொல்லி, முதல்நாள் இரவுக்கு ஒரு சின்னக் குளிசை எழுதித் தந்தார்.

அப்போது மச்சி கேட்டார்: "மிஸ்ஸி, மூணு நேரக் குளிசைய விடிய ஸுபஹுக்கு, பகல் லுஹருக்கு, ராவைக்கு இஷாவுக்கு எண்டு குடுத்தாச் சரியா? மணிக்கூடு பாத்தா எனக்குப் பிசகிப் போகும். பாங்கு பிசகாது."

மிஸ்ஸி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகத்திலிருந்த கோபம் போய்விட்டது. "நல்லாச் சரி," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாங்கு சொன்னால் மச்சி ஒரு கையில் குளிசையோடும் மறு கையில் தண்ணீரோடும் என் தலைமாட்டில் நின்றார். வாழ்நாளில் ஒரு வக்துத் தொழுகையைக் கூட விடாத பெண் அவர். ஒரு குளிசையையும் விடவில்லை. ஓதுவதையும் விடவில்லை. ஓதின தண்ணீரைக் கிளாஸ் கிளாஸாக அல்ல, பிறிட்ஜில் வைத்துக் கரண்டி கரண்டியாகத் தந்தார். படலையில் காவலும் அவர்தான். யாராவது சட்டியோடு வந்தால், "சட்டிய எனக்கிட்டத் தாங்க, துஆவ அவக்குக் கொண்டு போங்க" என்பார். அந்தச் சட்டிகளில் வந்ததையெல்லாம் தின்று மச்சி கொஞ்சம் தடித்தார். என் கணவர் அத்தரை விட்டார். உடுப்பைக் கிணற்றடியிலேயே மாற்றினார். சமையல் பின்வளவில் நடந்தது.

தள்ளிப் போட்ட மருந்தை ஏற்றினார்கள். குமட்டல் வராமல் இல்லை. இரண்டு தடவை சத்தியும் எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னையது போல் என்னைப் பிடித்து உலுப்பவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மச்சி தானாகவே பிறிட்ஜைத் திறந்தார். ஆறிய சோற்றில் குளிர்ந்த தயிரை விட்டு, உப்புப் போட்டுப் பிசைந்து கொண்டுவந்தார். "சளி பிடிச்சா நான் பொறுப்பில்ல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

ஒரு பிடி. பிஸ்மி சொல்லி வாயில் வைத்தேன். மென்றேன். விழுங்கினேன். மச்சி பேசினைக் கையில் ஏந்தியபடி நின்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே என் கணவரின் குரல் கேட்டது. "இரிக்கா?"

நான் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன்.

"இரிக்கி," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "இப்பவும் இரிக்கா?"

"இரிக்கி!"

மச்சி பேசினைக் கீழே வைத்துவிட்டு விம்மி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஓங்காளம் வரவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து மஃரிப் பாங்கு கேட்டது. இரண்டாவது பிடியை நானே அள்ளினேன்.

எல்லாத் தடவையும் முடித்துவிட்டேன். முடி திரும்ப முளைத்திருக்கிறது. இதுவரை பார்த்த பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்றார்கள். இன்னும் போய்க் காட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும், நாளை என்னவென்பது அவனுக்குத்தான் தெரியும். கோபம் குறைந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். ஆனால் முன்பெல்லாம் கோபம் வந்தால் தொழுகைப் பாயை விட்டு எழும்பிவிடுவேன். இப்போது கோபத்தையும் அந்தப் பாயிலேயே வைத்துப் பேசுகிறேன். அவன் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும்.

இந்த மருந்து ஏற்றுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் யார் இருந்தாலும் நான் போய்ப் பார்க்கிறேன். அத்தர் இல்லாமல், சட்டி இல்லாமல் போகிறேன். வாசலில் நின்று சலாம் சொல்லி, "பாங்குக்குப் பாங்கு குளிசை போடுறீங்களா?" என்று கேட்கிறேன். துஆச் செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

சகோதரிகளே, பெரிய விஷயங்களை மட்டும்தான் அல்லாஹ்விடம் கேட்க வேண்டும் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு பிடி சோற்றையும் கேளுங்கள். அழகான வார்த்தை வராவிட்டால் வருகிற வார்த்தையால் கேளுங்கள். அவன் அதைக் குளிசை அட்டைக்குள் வைத்து அனுப்பினால், தலையணை உறைக்குள் போட்டு வைக்காதீர்கள்.

என் கணவர் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சந்தையால் வந்து, குளித்து, ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கிறார், "இரிக்கா?" நான் மூன்று வேளையும் நன்றாகத் தின்று தடித்துவிட்டேன். ஆனாலும் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

"இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ், இரிக்கி."